ரோத் கணக்குக்கு மாற்றிய பணத்தை 5 ஆண்டுக்குள் எடுத்தால் அபராதமா?

கேள்வி அமெரிக்க ஓய்வூதியக் கணக்கைப் பற்றியது: வயது 45. 2022 டிசம்பரில் சாதாரண ஐஆர்ஏவிலிருந்து (வரியைத் தள்ளிப்போட்டுச் சேமிக்கும் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) 40,000 டாலரை ரோத் ஐஆர்ஏவுக்கு (வரி கட்டிய பணத்தைப் போடும் கணக்கு) மாற்றி, வருமான வரியும் கட்டியாகிவிட்டது. 2025இல் 20,000 எடுத்தால் திரும்பவும் வரி உண்டா?

வருமான வரி இல்லை. மாற்றி ஐந்தாண்டு ஆகாததால் 10% அபராதம்தான் வரும், அதுவும் முழுத் தொகைக்கு வர வேண்டியதில்லை. எந்தப் பணம் முதலில் வெளியேறுகிறது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; சட்டமே வரிசை வைத்திருக்கிறது. நேரடியாகப் போட்ட சந்தா முதலில், பிறகு மாற்றிய தொகைகள் (பழையது முன்னால்), கடைசியில்தான் லாபம். உங்கள் எல்லா ரோத் ஐஆர்ஏக்களும் இதில் ஒரே கணக்கு. சந்தாவாக 12,000 போட்டிருந்தால் அது சும்மா வந்துவிடும். மீதி 8,000க்கு மட்டும் 800 டாலர் அபராதம்.

ஐந்தாண்டுக் கடிகாரம் மாற்றிய ஆண்டின் ஜனவரி 1இலிருந்தே ஓடும். டிசம்பரில் மாற்றியதால் கிட்டத்தட்ட ஓராண்டு லாபம்! 2027 ஜனவரி 1 முதல் இந்த 40,000க்கு அபராதமில்லை. ஒவ்வோர் ஆண்டு மாற்றத்துக்கும் தனிக் கடிகாரம். 59½ வயது தாண்டினாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ இந்த அபராதமே கிடையாது.

பலர் கோட்டைவிடுவது வேறொரு இடத்தில்: மாற்றும்போதே வரியை அந்தப் பணத்திலிருந்து பிடிக்கச் சொல்வது. 59½க்கு முன் அப்படிப் பிடித்த தொகை, கையில் எடுத்ததாகவே கருதப்படும், அதற்கும் 10%. வரியை வங்கிச் சேமிப்பிலிருந்து கட்டுங்கள்.

எடுத்த ஆண்டின் வரிக் கணக்கோடு படிவம் 8606இன் 3ஆம் பகுதியையும், அபராதத்துக்குப் படிவம் 5329ஐயும் நிரப்புங்கள்.