மாலத்தீவில் சுறா பயம்: மகளைத் தண்ணீரில் இறக்கலாமா?

விடுதி முன்னால் இடுப்பளவு தண்ணீரில் சுறா திரிகிறது, பத்து வயது மகளை இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பு இருந்ததா? அப்படியானால் அது சின்ன மீன் தேடிக் கரையோரம் வருகிற பவளப்பாறைச் சுறா, வளர்ந்தாலும் ஆள் நீளம்தான், நீங்கள் இரண்டடி எடுத்து வைத்தாலே பெரும்பாலும் விலகிப் போய்விடும். இறங்குங்கள், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.

அப்புறம், மணலில் அசையாமல் கிடக்கும் பழுப்புச் சுறாவைப் பார்த்தால், நீந்தாத சுறா செத்துவிடும் என்ற பேச்சை நம்பி உதவப் போகாதீர்கள். அது வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு ஓய்வெடுக்கிறது. சாதுதானே என்று வாலைத் தொட்டால் கடிக்கும், கவ்வினால் லேசில் விடாது. தீனி போட்டுக் காட்டுகிற படகில் தயவுசெய்து ஏறாதீர்கள். மீன் கழிவு கொட்டும் இடமும் இருட்டுகிற நேரமும் வேண்டாம்.