மோட்டார் கேள்வி பதில்: முதலில் அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரவையுங்கள்

கேள்வி: 2021இல் பதிவான பென்ஸ் ஏ-கிளாஸ் லிமோசின் (ஏ 200டி) ஒன்றையும், அதே ஆண்டின் பிஎம்டபிள்யூ 220டி கிரான் கூப்பே ஒன்றையும் ஏறக்குறைய ஒரே விலைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் நான், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகன், எழுபதைக் கடந்த அம்மா. மாதம் இருமுறை சென்னைப் பயணம், எப்போதாவது ஏற்காடு. எதை வாங்கலாம்?
- சேலம் வாசகர்

பதில்: ஓட்டுவதற்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிஎம்டபிள்யூதான். அதன் 2 லிட்டர் டீசல் இன்ஜின் 190 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இழுவிசை) தருகிறது. ஏ 200டியில் இவை 150, 320. காகிதத்தில் தெரியும் இந்த இடைவெளி, உளுந்தூர்பேட்டை சாலையில் வரிசையாகப் போகும் இரண்டு லாரிகளை ஒரே மூச்சில் முந்தும்போது நன்றாகவே தெரியும். பிஎம்டபிள்யூவின் டீசல் மாடலில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வகை (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும்) 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் என்பதால், ஊருக்குள் ஊர்ந்து செல்லும்போதும் மேட்டில் நின்று கிளம்பும்போதும் தயக்கமில்லாமல் நகர்கிறது. பென்ஸில் இருப்பது இரண்டு கிளட்சுகள் மாறிமாறி வேலை செய்யும் 8 ஸ்பீடு டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வர நின்று, மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அந்த நொடியில் ஒரு சிறு தாமதம் இருக்கும். பிஎம்டபிள்யூ என்றாலே பின்சக்கர இயக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பென்ஸைப் போலவே இதுவும் முன்சக்கர இயக்கம்தான்.

ஆனால், உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது அம்மாவைப் பற்றிய வரியில். கிரான் கூப்பேயின் அழகே பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரைதான்; அந்த அழகுக்கான விலையைக் கொடுப்பது பின் இருக்கைக்காரர். கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, இடுப்பை வளைத்துத் தாழ்வான இருக்கையில் இறங்கி உட்கார வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு உட்காருவதைவிட எழுந்து வெளியே வருவது பெரும்பாடு. உயரமான ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலைமுடி கூரையைத் தொடும். பென்ஸின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,729 மில்லிமீட்டர், பிஎம்டபிள்யூவுடையது 2,670. இந்த ஆறு சென்டிமீட்டர் வேறுபாடு பென்ஸில் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குக் கிடைக்கிறது, தலைக்கும் சற்று மூச்சுவிட இடமிருக்கிறது. இருப்பினும் அதுவும் தாழ்வான காரே. இருக்கை தரைக்கு அருகில் இருப்பதால் தொடைக்குப் போதிய தாங்கல் கிடையாது, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கால் தானாகவே நீட்ட இடம் தேடும்.

ஆகவே, வழக்கமாக டெஸ்ட் டிரைவில் நடப்பதை மாற்றிச் செய்யுங்கள். மகன் காரை ஓட்டட்டும்; அம்மாவுடன் நீங்கள் பின்னால் உட்காருங்கள். வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள தெருவில் அரை மணி நேரம் போய்வந்து, அம்மாவை இருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் இரண்டாம் முறை கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தயங்கினால், அந்தக் கார் உங்கள் வீட்டுக்கு ஆகாது. இந்த இரண்டில் என் ஓட்டு பென்ஸுக்கு. நீங்கள் ஒருவரே பயணிப்பவராக இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும்.

வசதிகளைப் பொறுத்தவரை, பென்ஸின் இரண்டு 10.25 அங்குலத் திரைகளும் பேசினால் கேட்கும் ஏற்பாடும் முதல் மாதம் விருந்தினருக்குக் காட்டப் பயன்படும். பிஎம்டபிள்யூவின் ரிவர்ஸிங் அசிஸ்டென்ட் வேறு ரகம்: மெதுவாக முன்னோக்கி வந்த கடைசி 50 மீட்டர் பாதையை நினைவில் வைத்து, ஸ்டீயரிங்கைத் தானே திருப்பியபடி அதே தடத்தில் பின்னால் போகும், ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மட்டும் நம் காலில். முட்டுச்சந்தில் வீடு உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம். நீங்கள் பார்க்கும் குறிப்பிட்ட காரில் அது இருக்கிறதா என்று இயக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே வகைக் கார்தான் ஆசை. தினமும் வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர். வெளியூர் பயணம் அபூர்வம். டீசலா, பெட்ரோலா?
- மதுரை வாசகர்

பதில்: பெட்ரோல். பிஎஸ் 6 (இந்தியாவின் புகை மாசு விதி) டீசல் கார்களின் புகைபோக்கிப் பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்க அதற்கு நல்ல சூடு வேண்டும். அந்தச் சூடு நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் ஏறும். நான்கு கிலோமீட்டரில் இன்ஜினே முழுதாகச் சூடாகாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் அதற்குக் கட்டும் தொகையில் மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். ஏ 200 பெட்ரோலின் 1,332 சிசி இன்ஜின் 163 குதிரைத்திறன் தருகிறது. மாசி வீதிகளில் அதற்கு மேல் எதற்கு?

கேள்வி: ரன்-ஃபிளாட் டயர் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்கிறார்களே?
- கோவை வாசகர்

பதில்: பஞ்சரான பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்பதே அதன் பொதுவான கணக்கு. பள்ளத்தில் இறங்கிப் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் குலுக்கலும் சற்று அதிகம். பழைய கார் வாங்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டயர்களிலும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1421 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். அவ்வளவு பழைய டயர் என்றால், நான்கு புது டயர்களின் விலையைக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.