தம்பி கிட்ட கேட்டியா?

கேள்வி: மேடம், எனக்கு 24 வயசு, அமெரிக்காவுல இருக்கேன். சைக்காலஜி பிஏ முடிச்சிட்டு ரெண்டு வருஷமா ஒரு எலிமென்டரி ஸ்கூல்ல எய்டா, அதாவது டீச்சருக்கு உதவியா, வேலை பாக்கறேன். ஸ்கூல் சைக்காலஜிக்கு ஆறு யுனிவர்சிட்டியில அப்ளை பண்ணப் போறேன், ஜனவரியில டெட்லைன். ஜிபிஏ (காலேஜ் மார்க் சராசரி) 4க்கு 3.1 தான். ஜிஆர்இ என்ட்ரன்ஸ் டெஸ்ட் எழுதணுமா? எட்.எஸ். (மாஸ்டர்ஸுக்கு மேல, பிஎச்டிக்குக் கீழ இருக்கற ஸ்பெஷலிஸ்ட் டிகிரி) போதுமா, இல்ல அப்பா சொல்ற மாதிரி பிஎச்டிக்கே போடணுமா? அப்ளிகேஷனோட வைக்கற ஸ்டேட்மென்ட் எஸ்ஸே எழுதி முடிச்சிட்டேன், இதோட அனுப்பியிருக்கேன், முழுக்க என் தம்பியோட டிஸ்லெக்சியா (வாசிக்கறதுல வர்ற சிரமம்) பத்தி. படிச்ச புரொஃபசர் கண் கலங்கிட்டாங்க. தம்பிக்கு இப்ப 19, அவன் கிட்ட காட்டலை, அவன் எப்படியும் இவ்ளோ நீளமா படிக்க மாட்டான். எனக்கு சீட் கிடைக்குமா?

பதில்: சீட் கிடைக்குமான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நவம்பர் ஆச்சுன்னா வரிசையா இந்த லெட்டர்தான் வரும், எல்லாத்துலயும் ஒரு ஜிபிஏ இருக்கும், ஒரு ஜிஆர்இ இருக்கும், பிஎச்டின்னு சொன்னாத்தான் சொந்தக்காரங்க மதிப்பாங்கன்னு நினைக்கற ஒரு அப்பா இருப்பார். அதையெல்லாம் முதல்ல முடிச்சிடறேன், ஏன்னா எனக்கு உன்கிட்ட பேச வேண்டியது வேற.

ஜிஆர்இயை நெறைய புரோகிராம் விட்டுட்டாங்க, சிலது இன்னும் கேக்குது, ஆறு யுனிவர்சிட்டியோட அட்மிஷன் பக்கத்தையும் நீயே உக்காந்து படி, போன வருஷம் சேர்ந்த ஃப்ரெண்டு சொன்னான்னு விட்டுடாத. 3.1க்கு அழாத, பல இடத்துல 3.0 தான் கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துல வேலை பாக்க எட்.எஸ். போதும், முழு நேரமா படிச்சா பொதுவா மூணு வருஷம், நாஸ்ப் (ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்களோட தேசிய சங்கம்) கணக்குப்படி குறைஞ்சது 60 கிரெடிட், கடைசியில 1200 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதுல 600 மணி நேரமாவது ஸ்கூல்லயே இருக்கணும். பிஎச்டின்னா 90 கிரெடிட், 1500 மணி நேரம், கூடவே ஆராய்ச்சி. ரிசர்ச் பண்ணணும், காலேஜ்ல பாடம் எடுக்கணும்னு உனக்கு ஆசை இருந்தா போ, அப்பாவுக்கு ஆசை இருந்தா அவரை அப்ளை பண்ணச் சொல்லு.

இப்ப விஷயத்துக்கு வரேன். "அவன் கிட்ட காட்டலை, அவன் எப்படியும் இவ்ளோ நீளமா படிக்க மாட்டான்." இதை எழுதிட்டு நீ பாட்டுக்கு அடுத்த வரியில சீட் கிடைக்குமான்னு கேட்டுட்டுப் போயிட்ட. நான் அங்கேயே நின்னுட்டேன், லெட்டரை மூடி வச்சிட்டு காபி போட்டுக் குடிச்சிட்டு வந்து திரும்ப படிச்சேன், அப்பவும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

உன் எஸ்ஸேயையும் ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் எழுதற, அதுதான் பிரச்சனையே. மூணாம் கிளாஸ்ல அவன் ரீடிங் டெஸ்ட் பேப்பரை எட்டா மடிச்சு மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தான், நீ பெட்ஷீட் மாத்தறப்ப அது கையில சிக்குச்சுன்னு எழுதியிருக்க பாரு, அந்த இடத்துலதான் உன் புரொஃபசர் அழுதிருப்பாங்க. சரி, அந்த எட்டு வயசுப் பையன் எதுக்கு அதை எட்டா மடிச்சான்? யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே? அன்னிக்கு அவன் மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சதை நீ இன்னிக்கு ஆறு யுனிவர்சிட்டிக்கு அப்லோட் பண்ணப் போற, அதுவும் அவனைக் கேக்காம, அவன் படிக்க மாட்டாங்கற தைரியத்துல!

ரெண்டாவது பாராவுல அவனோட டெஸ்ட் பெர்சென்டைல் நம்பர் (நூறு பேர்ல எத்தனை பேரை விட மேலங்கற கணக்கு) கூட இருக்கு. அது அம்மா வச்சிருக்கற பழைய ஃபைல்லேர்ந்து எடுத்ததாத்தான் இருக்கும். ஃபெர்ப்பாங்கற ஸ்கூல் ரெக்கார்ட் பிரைவசி சட்டப்படி 18 முடிஞ்சா ஸ்கூல் ரெக்கார்ட் மேல இருக்கற உரிமை அப்பா அம்மா கையை விட்டு அந்தப் புள்ளை கைக்குப் போயிடும்னு நீ இந்தக் கோர்ஸ்ல படிக்கத்தான் போற. உன் எஸ்ஸே ஸ்கூல் ரெக்கார்ட் இல்ல, எந்தச் சட்டமும் உன்னைப் பிடிக்காது, ஆனா நீ சேரத் துடிக்கற தொழில்ல ஒரு புள்ளையை முதல் தடவை இவால்யுவேட் பண்ணணும்னா அப்பா அம்மா எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாம டெஸ்ட் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஸ்கூல் முடிச்சப்புறம் என்ன செய்யலாம்னு ஐஇபி மீட்டிங்ல (ஸ்பெஷல் எட் புள்ளைக்குன்னு தனியா திட்டம் போடற கூட்டம்) பேச்சு வந்தா அந்தப் பையனையே கூப்பிட்டாகணும், 16 வயசுக்குள்ள அந்தப் பேச்சு ஆரம்பிச்சிருக்கணும். அவனை வெளியில உக்கார வச்சிட்டு பெரியவங்க மட்டும் உள்ள பேசக் கூடாதுன்னு எத்தனையோ பேர் சண்டை போட்டு வாங்கினது அது. நீ மறுபடியும் அவனை வெளியில உக்கார வச்சிருக்க.

"அவனுக்கு நான்தான் குரல்"னு முடிச்சிருக்க. அவனுக்கு 19 வயசும்மா. அவனுக்கு வாய் இருக்கு. படிக்கத்தான் நேரமாகும், கேட்டா பதில் சொல்ல நேரமாகாது.

எனக்கு இந்தக் கோபம் ஏன் வருதுன்னா நானே இதைப் பண்ணியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, ஒரு பையனோட அம்மாவை காரிடார்ல பாத்தேன், நல்ல செய்தி சொல்றோம்ங்கற ஆர்வத்துல அவன் ஸ்கோர் எவ்ளோ ஏறியிருக்குன்னு அங்கேயே சொல்ல ஆரம்பிச்சிட்டேன், பக்கத்துல அவன் கிளாஸ் பசங்க லைன்ல நிக்கறாங்க. அவன் குனிஞ்சு ஷூ லேஸை அவுத்தான், கட்டினான், மறுபடி அவுத்தான், நான் பேசி முடிக்கற வரைக்கும் நிமிரவே இல்ல. அப்புறம் ரெண்டு மாசம் என் ரூமுக்கு வந்தாலும் ஒரு வார்த்தை பேசலை. நல்ல செய்திதான் சொன்னேன் நான். உன் எஸ்ஸேயும் பாசத்துல எழுதினதுதான்.

நம்ம வீடுகள்ல இது ஒரு வழக்கம், ஒரு புள்ளை படிப்புல தடுமாறினா அது பொதுச்சொத்து ஆயிடும், ஃபோன்ல பெரியம்மா கேப்பாங்க, வந்த விருந்தாளி கேப்பார், அந்தப் புள்ளை அங்கேயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கும். அந்த மாதிரி நேரத்துல பேச்சை மாத்தி விடறவதான் அக்கா. என் மனசுல அக்காங்கறவளுக்கு முதல் வேலையே அதுதான், இதுல நான் கொஞ்சம் பழைய ஆள்னு நீ நினைச்சா நினைச்சுக்கோ. தம்பியோட மானத்தை வித்து அக்கா சீட் வாங்கறது எனக்குப் பிடிக்கலை, எவ்ளோ அழகா வித்தாலும்.

இன்னொண்ணு. இந்த மாதிரி தம்பி கதை, தங்கச்சி கதை அட்மிஷன் கமிட்டிக்கு நெறைய வரும். படிச்சு உருகுவாங்க, உருகிட்டு 'சரி, இந்தப் பொண்ணு யாரு?'ன்னு தேடுவாங்க. ரெண்டு பக்கத்துல நீ எங்கம்மா இருக்க? ரெண்டு வருஷம் எய்டா இருந்திருக்க, அதுக்கு ஒரே ஒரு வரி. உங்க ஸ்கூலுக்கு வர்ற சைக்காலஜிஸ்ட் யாரு, அவங்க ஒரு நாள்ல என்ன பண்றாங்க, எத்தனை மணி நேரம் ரிப்போர்ட் டைப் பண்றாங்க, எத்தனை ஸ்கூலுக்கு ஓடறாங்க, இதுல எதுவுமே இல்ல. அவங்க கூட ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கியா? இல்லைன்னா லீவ் விடறதுக்கு முன்னாடி போய்க் கேளு. நீ பாத்ததை எழுது, அதுலயும் புள்ளைங்களை அடையாளம் தெரியாம எழுது, உனக்குப் புரியாமப் போனது எதுன்னும் எழுது.

அப்புறம் தம்பி. எஸ்ஸேயை அவனுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு "ஓகேவா"ன்னு மெசேஜ் போடாத. பக்கத்துல உக்காந்து நீயே வாசிச்சுக் காட்டு, அம்மா வீட்ல இல்லாத நேரமா பாத்து. மெத்தை பாராவை வேகமா தாண்டிடாத, மெதுவா வாசி, அவன் மூஞ்சியைப் பாரு. அவன் சிரிச்சிட்டு "போட்டுக்கோ அக்கா"ன்னு சொல்லலாம், அப்படின்னா அந்த நம்பரை மட்டும் எடுத்துட்டு அனுப்பு. "விடுக்கா"ன்னு சொல்லிட்டு எழுந்து போனா அது சம்மதம் இல்ல, அன்னிக்கு ராத்திரியே டெலீட் பண்ணு. டெலீட் பண்ணினதையும் அவன் கிட்ட சொல்லு. ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கு, வேற எஸ்ஸே எழுதிடலாம்.

புரொஃபசர் கிட்ட ஏற்கனவே ஒரு காப்பி போயிடுச்சு, அதையும் அவன் கிட்ட மறைக்காத. அவன் என்ன சொன்னான்னு எனக்கு எழுது.