நேற்று யான் தோசை உண்டனன்

அன்புள்ள ஐயா,

அக்டோபரில் மேற்படிப்புக்காக வட இத்தாலியின் டுரின் நகருக்குச் செல்கிறேன். செயலியில் இத்தாலியம் கற்று அலுத்துவிட்டதால் இப்போது ஆவணப்படங்கள் பார்க்கிறேன். பொம்பெயி, வெனிஸ் கண்ணாடிப் பட்டறைகள், கிராமத் திருவிழாக்கள் என்று தேடிப் பார்க்கிறேன். நேரத்தை மிச்சப்படுத்த ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறேன். விவரணைக் குரல் நன்றாகப் புரிகிறது. உள்ளூர்க்காரர்கள் பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை, அந்தப் பகுதிகளைத் தாண்டிவிடுகிறேன். நல்ல படங்களின் பட்டியல் தருவீர்களா? துணையெழுத்து ஆங்கிலத்தில் இருக்கலாமா? மொழித் தேர்வுக்கு இது போதுமா? நானே எழுதிய ஒரு வாக்கியம்: "இயேரி மாஞ்ஜாய் உன் தோசா."

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் டுரினில் காபிக் கடையில் நின்று இதைச் சொன்னால், உக்கடம் பஸ்ஸில் ஒருவர் 'நேற்று யான் தோசை உண்டனன்' என்று சொன்னதுபோல இருக்கும். வரலாற்றுப் படங்களில் மன்னர்கள் பிறக்கிறார்கள், கோபுரம் எழுப்புகிறார்கள், மாண்டுபோகிறார்கள். நீங்கள் பிடித்துக்கொண்டது அவர்களுக்கான இறந்தகாலம். வடக்கே நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்ல வேறு வினைவடிவம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிசிலியில் ஒரு கிழவி உங்கள் வடிவத்தைத்தான் வாய்நிறையப் பேசுவாள். நீங்கள் தாண்டிப் போன உள்ளூர்க்காரர்களில் அவளும் இருந்திருப்பாள்.

ஏன் தம்பி தாண்டினீர்கள்? கண்ணாடி ஊதுகிறவனின் மூச்சையும் ஒன்றரை மடங்காக்கிப் பார்த்தது எந்தக் கணக்கில் சேரும்?

ரெஜியோ எமிலியா பக்கம் ஒரு பாலாடைக்கட்டிக் கூடத்துக்கு விடியற்காலையில் போயிருக்கிறேன். பர்மிஜானோ செய்கிற இடம். முந்தைய மாலையில் கறந்து ஆடை எடுத்த பாலோடு காலைப் பாலைச் சேர்த்துச் செப்புக் கொப்பரைகளில் ஊற்றியிருந்தார்கள். பால் உறைந்ததும் நீண்ட கம்பிக் கூடு போன்ற ஒரு கருவியால் அதை உடைத்தார்கள். தலைமைக்காரர் முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு கை மணிகளை அள்ளி, விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்து, உதவியாளனிடம் இரண்டு சொல் சொன்னார். அது எமிலியப் பேச்சு, அந்த வட்டாரத்து மொழி. என் பக்கம் திரும்பி அதையே இத்தாலியத்தில் நிதானமாக விளக்கினார். பிறகு ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. மனிதர் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, நீதிபதி முன் நிற்பதுபோல நின்று, மூன்றாவதாக ஒரு மொழியில் பேசினார். 'பாரம்பரியம்', 'தலைமுறைகள்', 'ஆர்வம்'. ஒளிபரப்பானதைப் பின்னால் பார்த்தேன். அந்த மூன்றாவது மொழி மட்டும் இருந்தது, அதன்மேல் பியானோ வேறு. கட்டி எப்போது பதமாகிறது என்ற விஷயம் எந்தச் சொற்களில் இருந்ததோ அவற்றை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

பண்பாட்டு மரபு என்று பெயர் வைத்து எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவற்றின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். வேலை செய்கிறவன் வாயை மூடிவிட்டு அவனைப் பற்றிக் கவிதை வாசிப்பது. 1950களிலேயே இயக்குநர் வித்தோரியோ தே செத்தா இந்த விவரணைக் குரலைத் தூக்கி எறிந்தார். சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா மக்களைப் பற்றிப் பத்து நிமிட அளவில் அவர் எடுத்த குறும்படங்களில் காற்றும் கருவியும் மனிதக் குரலும்தான். 1955இல் எடுத்த சூரை மீன் வேட்டைப் படத்தைப் பாருங்கள். சுற்றிப் படகுகள், நடுவே வலை. ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் பதில் பாடுகிறார்கள், பதிலோடு சேர்ந்து வலை மேலே ஏறுகிறது. பாட்டு நின்றால் இழுப்பும் நின்றுவிடும்.

இதிலிருந்து உங்களுக்கு இத்தாலியம் ஒரு வரி தேறாது. பாட்டு சிசிலிய மொழியில் இருக்கிறது, மிலானோக்காரருக்கே துணையெழுத்து வேண்டும். இருந்தாலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஏனென்றால் இத்தாலியர்களில் பெரும்பாலோருக்கே இத்தாலியம் பின்னால் வந்த மொழி. 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மாவ்ரோவின் மதிப்பீடு. அது மிகக் குறைவு என்று மறுத்தவர்கள்கூட நூற்றுக்குப் பத்துப் பேர் பக்கம்தான் போனார்கள். உங்களைப் போலவே அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலரும் திரையைப் பார்த்து இத்தாலியம் கற்றவர்கள்தான். 1960 முதல் 1968 வரை ஆல்பெர்தோ மான்சி என்ற ஆசிரியர் ராய் என்ற அரசுத் தொலைக்காட்சியில் எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார். பெரிய தாளில் கரித்துண்டால் நாலு கோடு இழுப்பார். என்ன வரைகிறார் என்று பார்க்கிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து வந்துவிடும். அந்த நிகழ்ச்சியால் ஏறக்குறைய 14 லட்சம் பேர் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ் பெற்றார்கள் என்கிறார்கள். அவர் யாரையும் மரபுச் சின்னமாக்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது என்ற மரியாதையோடு பேசினார்.

நீங்கள் போகிற டுரினும் அப்படிப்பட்ட ஊர்தான். ஃபியட் ஆலைக்காக 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அங்கே இருக்கிறார்கள். உங்கள் விவரணையாளர் மாதிரி அங்கே யாரும் பேசப் போவதில்லை.

மற்றவை. துணையெழுத்து இத்தாலியத்தில் இருக்கட்டும், அதுவும் இரண்டாம் முறை பார்க்கும்போது. ஆங்கிலத்தில் வைத்தால் ஆங்கிலம் வளரும். தேர்வு என்பது தனிக் கலை. சியனாவில் உள்ள வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் (CILS) தேர்வென்றால் பழைய வினாத்தாள்களை எடுத்து உட்காருங்கள், சூரை மீன் உதவாது. பட்டியல் தரமாட்டேன், மேலே சொன்ன இருவரும் இப்போதைக்குப் போதும்.

குளிருக்கான கோட்டை இங்கேயே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். போர்த்தா பலாட்ஸோ சந்தையில் துணிக் கடைகளும் உண்டு. அங்கே பேரம் பேசி வாங்குங்கள். எவ்வளவுக்கு முடிந்தது என்று எழுதுங்கள்.