பூட்டு உடைந்ததா, திறந்ததா? வீட்டுத் திருட்டு இன்சூரன்ஸ்: கேள்வி-பதில்

சாவியை ஷூ ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். கதவுப் பூட்டு அப்படியே இருக்கிறது. பீரோவில் 6 பவுனைக் காணோம். கிளெய்ம் கிடைக்குமா? (அம்மாபேட்டை)

கஷ்டம்தான். 'பர்க்லரி' பாலிசிகளில் பெரும்பாலானவை, வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டுக்குத்தான் பணம் தரும். பலப்பிரயோகம் இல்லாத திருட்டு அத்தகைய பாலிசியில் சேராது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் பாலிசியில் 'திருட்டு' என்று தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சாவி இருந்த இடத்தை மறைத்துச் சொல்லாதீர்கள். பொய் வெளிப்பட்டால் மொத்த கிளெய்மும் போகும்.

மற்றவர்களுக்கும் சேர்த்து: பூட்டு உடைந்திருந்தால் ஆசாரியை உடனே கூப்பிட்டுவிடாதீர்கள். நெம்பிய நிலை, பிளந்த மரம், அறுத்த கிரில் கம்பி எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். அன்றே போலீஸுக்கும் கம்பெனிக்கும் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆரில் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது இருக்க வேண்டும், நகல் இலவசம். நகைப் பட்டியலை அவசரத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு நீட்டினால், நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் சந்தேகப்படுவார். விட்டுப்போனதை உடனே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். பில் இல்லையென்றால் நகை போட்ட கல்யாண ஃபோட்டோவும் உதவும்.

ஏற்காட்டு வீட்டுக்குக் கோடையில் மட்டும் போவோம். மற்ற நாளில் திருடு போனால் கிளெய்ம் கிடைக்குமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

தொடர்ந்து 30 நாள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் பல பாலிசிகளில் திருட்டு கவர் நின்றுவிடும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். காவல்காரரே உடந்தை என்றாலும் பல பாலிசிகள் கைவிரிக்கும். களத்தில் காயும் காப்பிக்கொட்டை வீட்டுச் சாமான் ஆகாது.

வீட்டோடு கொலுசுப் பட்டறை. கூலி வேலைக்கு வந்த வெள்ளி களவு போனால்? (செவ்வாய்ப்பேட்டை)

வீட்டு பாலிசியில் வராது. அது தொழில் சரக்கு, அதுவும் அடுத்தவருடையது. நகைத் தொழிலுக்கான 'ஜுவல்லர்ஸ் பிளாக்' பாலிசி எடுத்து, பிறர் பொருள் இருப்பதையும் அதில் சொல்லிவிடுங்கள்.

பேங்கில் போட்ட 'பாரத் கிருஹ ரக்ஷா' போதாதா? (சூரமங்கலம்)

போதாது. 2021 ஏப்ரலில் வந்த அந்தப் பாலிசி தீ, வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்கானது. அவற்றால் ஏற்பட்ட திருட்டு, 7 நாளுக்குள் நடந்திருந்தால் மட்டும் ஏற்கும். மற்றபடி பர்க்லரி கவரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.