மூன்று வாரமாகச் சுரைக்காய்

வணக்கம். வாராவாரம் உங்கள் தோட்டத்துக் காய்கறிக் கூடைக்கு முன்பணம் கட்டிய நாற்பது குடும்பங்களும் மூன்று வாரமாகச் சுரைக்காய், கத்தரியில் புழு, கீரை வாடல் என்று வறுத்தெடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி வாரக்கூடை கொடுக்கிறவன்தான்.

முதலில், வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் எழுதாதீர்கள். ஒன்றுக்கு ஒன்பது பதில் வரும். குறை சொன்னவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கீரை நம் பக்கத் தவறு, ஒத்துக்கொள்ளுங்கள். விடியலில் அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, கூடையில் கடைசியாக வையுங்கள். எங்கள் அரைக்கீரை மேல் ஒரு முறை பூசணி உட்கார்ந்து, வீடு போய்ச் சேரும்போது கூழாகியிருந்தது!

கத்தரிப் புழு மருந்தடிக்காத தோட்டத்தில் அடியோடு ஒழியாது. தலைதொங்கும் நுனிக்குருத்தைக் கிள்ளி எரியுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) கட்டுங்கள். துளை விழுந்த காயைத் தோட்டத்திலேயே கழித்துவிடுங்கள். ‘புழு இருந்தால்தான் இயற்கை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், காசு கொடுத்தவருக்கு எரிச்சல்தான் வரும்.

சுரைக்கு, கூடை எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை வையுங்கள். வேண்டாதவர் சுரையைப் போட்டுவிட்டு வேறு காய் எடுக்கட்டும். ஆச்சரியமாக, சுரையைத் தேடி எடுக்கிறவரும் இருப்பார். அடுத்த பட்டத்தில் எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல் 15 நாள் இடைவெளி விடுங்கள்.

அப்புறம், விலகுகிறேன் என்பவருக்கு மீதி வாரங்களின் பணத்தை முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் அப்படிப் போன இருவரில் ஒருவர் தை மாதம் திரும்பி வந்தார், மொச்சைக்காக.