திறமூல மென்பொருளின் ஆவணங்களை ஒழுங்காகப் பராமரிப்பது எப்படி?

பினாங்கில் நாங்கள் நாலு பேர், பழைய தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றைத் திறமூலமாக வைத்து நடத்துகிறோம். கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை என்று யுனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்னும் தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தவை இங்கே நிறையக் கிடக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் நிரலும் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் (திட்டத்தின் கோப்புகளையும் மாற்றங்களையும் சேர்த்து வைக்கும் இடத்தில்) இருக்க வேண்டும். நாங்கள் ஆவணங்களைத் தனி விக்கியில் வைத்திருந்தோம். ஒரு நாள், புதிதாகச் சேர வந்த தம்பி ஒருவரிடம் லிட்டில் இந்தியா கடையொன்றில் மடிக்கணினியைக் கொடுத்து, நிறுவும் பக்கத்தைப் பார்த்து அவரே செய்யட்டும் என்று பேசாமல் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டார். "அண்ணே, இந்த ஃபோல்டரே இல்லையே?" அதன் பெயரை நான் மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. விக்கியில் பழைய பெயர் அப்படியே இருந்தது. எத்தனை பேர் இதே இடத்தில் நின்று, கேட்காமலே போயிருப்பார்கள் என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப் 2017-இல் திறமூலத் திட்டங்களைப் பற்றி எடுத்த கருத்தாய்வில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களைப் பார்த்திருப்பதாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். இப்போது எங்களிடம், நிரல் நடந்துகொள்ளும் விதம் மாறினால் அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) ஆவணமும் மாற வேண்டும். இல்லையென்றால் மெர்ஜ் கிடையாது, அதாவது அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளைப் பைத்தானின் டாக்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவி ஓட்டிப் பார்க்கிறது. விடை மாறியிருந்தால் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், அடுக்கும் முறை. டானியேலே ப்ரோசிடா உருவாக்கிய டையடாக்சிஸ் என்னும் முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கைபிடித்துச் சொல்லித்தரும் பாடம், ஒரு வேலையை முடிக்கும் வழி, தேடிப் பார்க்கும் குறிப்பு, 'ஏன்' என்பதற்கான விளக்கம். எங்களுக்கு இது மிகவும் உதவியது. உதாரணமாக, டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யுனிகோடில் ககரம் முன்னால், உயிர்க்குறி பின்னால். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் இதை நிறுவும் பக்கத்திலேயே இரண்டு பத்தி எழுதியிருந்தேன். கோப்பை மாற்ற வந்தவருக்கு அது தடை. விளக்கப் பக்கத்துக்கு நகர்த்தினோம்.

நேரம் குறைவு என்றால் நிறுவும் பக்கத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், எதுவும் நிறுவாத ஒரு கணினியில் யாராவது அதை முதலிலிருந்து செய்து பார்க்கட்டும். எங்களுக்கு இப்போது அந்தத் தம்பிதான் செய்கிறார்.